பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் பூட்டுகிற கிளினிக்

யாழ்ப்பாணத்தில் 10 வயதுக்கும் 19 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். அந்த வயதுப் பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் என்றே அரசாங்கம் ஒரு கிளினிக் நடத்துகிறது. ஒரு சதமும் கட்டத் தேவையில்லை, எங்களிடம் வேறு டொக்டரின் கடிதம் எதுவும் கேட்கவுமில்லை. குடும்ப சுகாதாரப் பணியகம் யொவுன் பியச என்ற பெயரில் நாடு முழுக்கக் கொண்டுவந்த திட்டம் இது. சில இடங்களில் ஆஸ்பத்திரிக்குள்ளே ஓர் அறையாக இருக்கும், சில இடங்களில் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனையோடு சேர்ந்திருக்கும். ஊரில் முக்கால்வாசித் தாய்மாருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் ஒருநாள் வேறு விஷயம் கதைக்கும்போது சொல்லியிராவிட்டால் எனக்கும் தெரிந்திருக்காது.

அக்காவின் மகனை அங்கே கூட்டிக்கொண்டு போனேன், பிறகு என்னுடைய மகளையும். இரண்டு பேரிடமும் கேட்டு, அவர்கள் சரி சொன்ன அளவுக்கு மட்டும்தான் எழுதுகிறேன். எந்த ஆஸ்பத்திரி என்று போடவில்லை. நல்லதும் சொல்லப்போகிறேன், குறையும் சொல்லப்போகிறேன், பெயரைப் போட்டால் குறை முழுவதும் அங்கே நின்று மாய்கிற இரண்டு மூன்று பேரின் தலையில் போய் விழும். அந்தக் குறைகளை அவர்கள் உண்டாக்கவில்லை, காசு ஒதுக்காத இடத்தில் அவை தாமாக வந்தவை.

முதலில் இடத்தைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரி வாசலில் இதற்கென்று ஒரு பலகை கிடையாது. ஓ.பி.டி. (வெளிநோயாளர்) வரிசையில் நின்று, துண்டு எழுதுகிறவரிடம் இளைஞர் கிளினிக் எங்கே என்று கேட்டோம். அவர் நிமிர்ந்து பார்த்து, "ஆருக்கு? என்ன வருத்தம்?" என்று பின்னால் நிற்கிற சனம் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கேட்டார். 16 வயதுப் பெடியனுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். "சித்தி, வாங்கோ வீட்ட போவம்" என்று என் கையைப் பிடித்து இழுத்துவிட்டான். நல்லகாலம், அந்தப் பக்கம் வந்த ஒரு தாதி விஷயத்தை விளங்கிக்கொண்டு எங்களைத் தனியாகக் கூட்டிப்போனார். பல் கிளினிக்கைத் தாண்டி, மருந்துக் களஞ்சியத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை, கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். அந்தத் தாதி அன்றைக்கு அந்த வழியால் வராமல் இருந்திருந்தால் நாங்கள் அப்படியே திரும்பியிருப்போம், அப்படித் திரும்பிப் போன பிள்ளைகள் எத்தனை பேர் என்று எந்தப் புத்தகத்திலும் பதிந்திருக்காது.

உள்ளே போன பிறகு நிலைமை வேறு. தாதி அவனைப் பார்த்து, "தம்பி, நீங்கள் உள்ளுக்கு வாங்கோ. அம்மா கொஞ்ச நேரம் வெளியில இருக்கட்டும்" என்றார். நான் அம்மா இல்லை, சித்தி என்றேன். "சித்தியும் வெளியிலதான்" என்று சிரித்துக்கொண்டே கதவைச் சாத்திவிட்டார். என் கணிப்பில் இந்த கிளினிக்கில் கிடைக்கிற மிகப் பெரிய விஷயமே இந்தச் சாத்திய கதவுதான். அதற்கு முதல் அவனை ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு அக்கா கொண்டுபோயிருந்தார். தலையிடி, நித்திரை இல்லை, ரியூசனுக்குப் போகமாட்டேன் என்று அடம். அங்கே எல்லாக் கேள்விக்கும் அக்காதான் பதில் சொன்னார், டொக்டர் பெடியனின் முகத்தைப் பார்த்ததைவிட ரிப்போர்ட்டைப் பார்த்த நேரம்தான் கூட, ஸ்கானுக்கும் டொக்டரைப் பார்க்கப் பதிவு செய்து சனல் பண்ணியதற்கும் குளிசைக்கும் சேர்த்து நிறையக் காசு போனது. ஸ்கானில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்றவுடன், "அப்ப நடிக்கிறாய்" என்று வீட்டில் ஏச்சு வேறு.

இங்கே அவன் உள்ளே போய் முக்கால் மணித்தியாலத்துக்குக் கிட்ட இருந்தான். நிறை, உயரம், பிரஷர், கண் பார்வை, இதெல்லாம் தாதி பார்த்தார். பிறகு டொக்டர் கதைத்தார். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எத்தனை மணிக்குப் படுக்கிறாய், காலையில் என்ன சாப்பிடுகிறாய், போனில் என்ன பார்க்கிறாய், பள்ளிக்கூடத்தில் யாரும் அடிக்கிறார்களா, கூட்டாளிமாரில் யாராவது சிகரெட், கஞ்சா பாவிக்கிறார்களா, நீயும் தொட்டுப் பார்த்திருக்கிறாயா, செத்துப்போகலாம் என்று எப்போதாவது நினைத்திருக்கிறாயா. கடைசிக் கேள்வியைத்தான் எங்கள் வீடுகளில் யாரும் கேட்கமாட்டோம், கேட்டால் பிள்ளையின் மண்டைக்குள் நாங்களே அதைப் போட்டுவிடுவோம் என்று பயம். அது பிழையான பயம் என்று டொக்டர் பிறகு என்னிடம் சொன்னார், கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை, ஏற்கனவே மனதில் இருந்தால் வெளியே சொல்ல ஒரு வழி கிடைக்கும், அவ்வளவுதான்.

கண்ணில் குறை இருந்தது, வகுப்பில் கரும்பலகை சரியாகத் தெரியாமல் முன்வாங்குப் பெடியனின் கொப்பியைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்திருக்கிறான், யாருக்கும் சொல்லவில்லை. இரவு மூன்று மணிவரை முழித்திருக்கிறான், ஏனென்றால் தகப்பன் பிரான்சில், வேலை முடிந்து அறைக்கு வந்து கோல் எடுக்கிற நேரம் எங்களுக்கு நடுச்சாமம். ஒவ்வொரு கோலிலும் ஓ.எல். சோதனை பற்றித்தான் கதை. தகப்பனில் பிழை சொல்லவரவில்லை, அவர் அங்கே பிள்ளைக்காகத்தான் மாய்கிறார், அவருக்குத் தெரிந்த அன்பு அதுதான். ஆனால் பெடியனுக்குள் ஏறிய பயம் தலையிடியாக வெளியே வந்திருக்கிறது. கண்ணாடிக்குக் கண் கிளினிக்குக்கும், கதைத்துக்கொண்டு போவதற்கு மனநலப் பிரிவில் உளவளத்துணையாளர் ஒருவரிடமும் அனுப்பினார்கள். மருந்து ஒன்றும் கொடுக்கவில்லை. தகப்பனோடு கோல் எடுக்கும் நேரத்தை அவன் படுக்கிற நேரத்துக்கு முன்னால் மாற்றச் சொன்னார்கள், மாற்றியாயிற்று. எல்லாம் சுகம் என்று சொல்லமாட்டேன், ஆனால் இப்போது படுக்கிறான், சாப்பிடுகிறான், சோதனைக்குப் பயம் என்று வாயைத் திறந்து சொல்கிறான்.

மகளின் கதை வேறு மாதிரி. அவளுக்கு மாதவிடாய் கூடுதலாகப் போகும், களைப்பு, படி ஏறினால் மூச்சு வாங்கும். பொம்பிளைப் பிள்ளை என்றால் இது வழமைதானே என்று ஊரில் எல்லாரும் சொல்வார்கள். இரத்தம் சோதித்தார்கள், ஹீமோகுளோபின் குறைவு. அங்கே இருந்த மிஸ் அவளுக்கு விளங்கப்படுத்திய விதம் எனக்கு நல்லாகப் பிடித்தது: சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிக்காதே, அது சாப்பாட்டில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது, முருங்கையிலை வறை, கீரை சாப்பிடும்போது தேசிக்காய் கொஞ்சம் பிழிந்துவிடு, நெத்தலியை ஒதுக்காதே, பள்ளிக்கூடத்தில் கிழமைக்கு ஒருதரம் தருகிற இரும்புச்சத்துக் குளிசையை எறியாமல் விழுங்கு. அந்தக் குளிசையை வகுப்பில் பாதிப் பிள்ளைகள் யன்னலால் எறிகிறார்கள் என்று மகள் அங்கேதான் சொன்னாள். குடித்தால் பிள்ளை பிறக்காது என்று யாரோ கிளப்பிய கதையாம். அதில் இருக்கிற இரும்புச்சத்துக்கும் போலிக் அமிலம் (folic acid) என்ற விற்றமினுக்கும் அப்படி ஒரு வேலையும் இல்லை, கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் தருவதும் அந்தச் சத்துகளைத்தான் என்று மிஸ் சொன்ன பிறகு, மகள் போய் வகுப்பில் அதைச் சொல்லியிருக்கிறாள். ஒரு 13 வயதுப் பிள்ளைக்கு ஒருவர் இருபது நிமிடம் ஒதுக்கியதில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள்.

இனிக் குறைகள். முதலாவதும் பெரியதும் நேரம். பள்ளிக்கூடம் 7.30 இலிருந்து 1.30 வரை. கிளினிக் கிழமையில் சில நாள், அதுவும் காலையில், மத்தியானத்தோடு கிட்டத்தட்ட முடிந்துவிடும். ஆக, யாருக்காக நடத்துகிறார்களோ அவர்கள் வரவே முடியாத நேரம். வரவேண்டுமென்றால் பள்ளிக்கூடத்துக்கு லீவு போடவேண்டும், லீவுக்குக் கடிதம் வேண்டும், வகுப்பு ஆசிரியர் ஏன் என்று கேட்பார், பக்கத்துப் பிள்ளை எங்கே போனாய் என்று கேட்கும், கடைசியில் இரகசியமாகப் போகவேண்டிய இடத்துக்கு ஊர் முழுக்க அறிவித்துவிட்டுப் போனது போல ஆகிவிடும். பின்னேரம் ரியூசன், சனிக்கிழமையும் ரியூசன். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு வருத்தம் பார்க்கவே நேரம் இல்லை என்பது தனி வேதனை. ஆனால் அந்த நேர அட்டவணை எல்லாருக்கும் தெரிந்ததுதானே, அதைப் பார்த்து கிளினிக் நேரத்தை வைக்க ஏன் ஏலாது? கேட்டேன். பின்னேரம் நிற்க ஆள் இல்லை, மேலதிக நேரக் கொடுப்பனவுக்கு ஒதுக்கீடு இல்லை என்றார்கள். பதில் நேர்மையானது. ஆனால் அந்தப் பதிலோடு எங்களை வீட்டுக்கு அனுப்புவது சரியில்லை.

இரண்டாவது, ஆள் மாற்றம். திரும்பப் போனபோது முதலில் பார்த்த டொக்டர் மாற்றலாகிப் போய்விட்டார். புதியவர் நல்லவர்தான், ஆனால் பெடியன் வாயே திறக்கவில்லை. ஒருதரம் மனதைத் திறந்து கொட்டியதை இன்னொருதரம் முதலிலிருந்து சொல் என்றால் பெரிய ஆட்களுக்கே கஷ்டம். 2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தனை டொக்டர்மார் நாட்டைவிட்டுப் போனார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும், இருக்கிறவர்களை ஒவ்வோர் இடமாக ஓட்டித்தான் சமாளிக்கிறார்கள். அன்றைக்கும் காப்பாற்றியது அதே தாதிதான். அவர் பெயரைப் பெடியன் ஞாபகம் வைத்திருந்தான், அவருக்கு இவனுடைய கண் பிரச்சினை ஞாபகம் இருந்தது. ஆனால் அந்தத் தாதிக்கு இது முழுநேர வேலை இல்லை, மற்ற வார்ட் வேலைகளுக்கு நடுவில்தான் இங்கே வந்து நிற்கிறார்.

சின்னக் குறைகளும் உண்டு. காத்திருக்கிற வாங்கு நடைபாதையிலேயே இருக்கிறது, பிரஷர் கிளினிக்குக்கு வருகிற ஊர்ச் சனம் முழுக்க அதைத் தாண்டித்தான் போகவேண்டும். யாழ்ப்பாணம் சின்ன இடம், காலையில் ஒரு பிள்ளை அந்த வாங்கில் இருந்தால் பின்னேரம் பெரியம்மா கோல் எடுத்து விசாரிப்பார். மேசையில் வைத்திருந்த துண்டுப் பிரசுரங்களில் பாதி சிங்களத்தில் மட்டும் இருந்தன, தமிழில் வரவேண்டிய கட்டு வரவில்லையாம். கழிப்பறையில் சவர்க்காரம் இல்லை, நாப்கின் போட மூடிவைத்த வாளி இல்லை. பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய்ச் சுகாதாரம் பற்றிச் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் இது இல்லாமல் இருக்கலாமா? 2024 இல் கல்வி அமைச்சு கஷ்டப் பிரதேசப் பாடசாலை மாணவிகளுக்கு நாப்கின் வாங்க 1,200 ரூபா வவுச்சர் கொடுக்கத் தொடங்கியது, உண்மையிலேயே நல்ல வேலை, அந்த நாட்களில் பள்ளிக்கூடத்துக்கு வராமல் நின்ற பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி. வவுச்சரோடு ஒரு வாளியும் தண்ணீர் வருகிற குழாயும் சேர்ந்தால்தான் அந்தக் காசு முழுப் பலனைத் தரும்.

ஆண் பிள்ளைகள் வருவது குறைவு. நாங்கள் போன நேரங்களில் வாங்கில் இருந்தவர்கள் பெரும்பாலும் பெண் பிள்ளைகளும் தாய்மாரும்தான். பெடியள் ஆஸ்பத்திரிக்கு வருவது மோட்டார்சைக்கிளால் விழுந்தால், இல்லாவிட்டால் பொலிஸ் பிடித்தால். ஐஸ், ஹெரோயின் என்று எங்கள் பக்கம் ஒவ்வொரு நாளும் போதைப்பொருள் செய்தி வருகிறது, ஒவ்வொரு செய்திக்குப் பிறகும் கூட்டம் போடுகிறார்கள், கண்டனம், ஊர்வலம், கூடுதல் ரோந்து. இதெல்லாம் பெடியன் விழுந்த பிறகு நடப்பது. அதற்கு முன்னால் நித்திரை இல்லை, பள்ளிக்கூடம் வெறுத்துவிட்டது, வீட்டில் யாரோடும் கதைப்பதில்லை என்று ஒரு காலம் இருக்கிறது, மாதக்கணக்கில் இருக்கும். அந்தக் காலத்தில் கதவைத் தட்ட ஓர் இடம் வேண்டும். அந்த இடம் இந்த அறைதான், அதற்குத்தான் ஆள் போடக் காசு இல்லை என்கிறார்கள்.

பள்ளிக்கூடங்களுக்கு வருகிற சுகாதார சேவையையும் சொல்லவேண்டும், அதுவும் இதே சேவையின் மறுபக்கம்தான். பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளைப் பார்க்கிறார்கள், 200 பிள்ளைகளுக்குக் குறைந்த பள்ளிக்கூடம் என்றால் எல்லா வகுப்பையும் பார்ப்பார்கள். எங்கள் மாவட்டத்தில் சின்னப் பள்ளிக்கூடங்கள் நிறைய இருப்பதால் இது நல்ல விதி. 2017 இலிருந்து தரம் 6 பெண் பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வராமல் தடுக்கிற எச்.பி.வி. தடுப்பூசி இரண்டு தரம் போடுகிறார்கள். தனியாரில் இந்த ஊசிக்குக் கேட்கிற காசை விசாரித்துப் பார்த்தவர்களுக்குத்தான் இது இலவசமாகக் கிடைப்பதன் அருமை தெரியும். மகளுக்குப் போட்டாயிற்று, ஒரு சிக்கலும் இல்லை, கை கொஞ்சம் நொந்தது. பொதுச் சுகாதார பரிசோதகரும் எம்.ஓ.எச். டொக்டரும் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏறி இறங்கிச் செய்கிற வேலை இது, அவர்களுக்கு என் முழு மதிப்பெண்.

ஆனால் தரம் 10 ஓடு வழமையான பரிசோதனை முடிகிறது. அதற்குப் பிறகுதான் ஓ.எல்., அதற்குப் பிறகுதான் ஏ.எல்., பிள்ளைகள் உடைந்துபோகிற மூன்று வருடமும் அங்கேதான் இருக்கிறது. இடையில் பள்ளிக்கூடத்தை விட்டு மேசன் வேலைக்கும், கடைக்கும், கடலுக்கும் போன பிள்ளையை யார் பார்ப்பது? அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பரிசோதனையும் இல்லை, காலையில் கிளினிக்குக்கு வந்தால் அன்றைய சம்பளமும் இல்லை. நெடுந்தீவுப் பிள்ளை என்றால் குறிகட்டுவானுக்குப் படகில் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து யாழ்ப்பாணம் வந்து சேர்வதற்குள் கிளினிக் பூட்டியாயிற்று.

இந்த நாட்டுக்கு இதெல்லாம் செய்யத் தெரியாது என்று யாரும் சொல்லவேண்டாம், தெரியும். 1940களின் நடுவில் இலங்கையில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 1,500 தாய்மாருக்கு மேல் செத்தார்கள், அண்மை வருடங்களில் அது பெரும்பாலும் 40 க்குக் கீழேதான் நிற்கிறது. அது தானாக நடந்ததில்லை. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு குடும்பநல மாதுவைப் போட்டு, சம்பளம் கொடுத்து, கர்ப்பிணித் தாயின் வீட்டுப் படலையைத் தட்டவைத்து, பிள்ளை பிறந்து 10 நாளுக்குள் இரண்டு தரம் வீட்டுக்கு வந்து பார்க்கவைத்து, கணக்கு எழுதவைத்து வந்த வெற்றி. சண்டைக் காலத்திலும் எங்கள் பக்கம் குடும்பநல மாதுமார் சைக்கிளில் ஓடித் திரிந்தார்கள், வயதானவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். அப்படிக் காப்பாற்றி, ஊசி போட்டு, திரிபோஷா சத்துமா கொடுத்து வளர்த்த பிள்ளையை 10 வயது தாண்டியவுடன் இனி நீயே பார்த்துக்கொள் என்று விட்டுவிடுவது, வெங்காயத்துக்குத் தண்ணி இறைத்து, பசளை போட்டு, காய் முற்றுகிற நேரத்தில் வயல் பக்கமே போகாமல் விடுவது மாதிரி.

காசுக் கணக்கும் பார்க்கலாம். பதின்ம வயதினரின் உடல்நலம், மனநலம், பாலியல் நலம் ஆகிய சேவைகளுக்கு ஆளுக்கு வருடத்துக்கு 4.6 டொலர் செலவழித்தால் சமூகத்துக்கும் பொருளாதாரத்துக்கும் பத்து மடங்குக்கு மேல் திரும்பி வரும் என்று 2017 இல் லான்செட் சஞ்சிகையில் வந்த ஆய்வு காட்டியது. வளர்ந்துவரும் நாடுகளை வைத்துப் போட்ட கணக்கு அது. ஏன் அவ்வளவு திரும்பி வருகிறது என்பதற்கும் காரணம் இருக்கிறது. மனநலப் பிரச்சினைகளில் மூன்றில் ஒன்று 14 வயதுக்குள்ளும் பாதி 18 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகிறது, 10 வயதுக்கும் 19 வயதுக்கும் இடைப்பட்டவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு அப்படி ஏதோ ஒன்று இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சிகரெட்டும் சாராயமும் தொட்டுப் பழகுவது அந்த வயதில், சோடாவும் ரோல்ஸும் தின்று சீனி வருத்தத்துக்கு அடித்தளம் போடுவது அந்த வயதில். அப்போது பிடித்தால் ஒரு தாதியின் அரைமணித்தியாலம் காணும், 40 வயதில் பிடித்தால் பெரியாஸ்பத்திரியில் கட்டில், மருந்து, டயாலிசிஸ், அதையும் அரசாங்கம்தான் கட்டவேண்டும். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறக்குறைய 2 சதவீதத்தைச் சுற்றித்தான் அரசாங்கம் சுகாதாரத்துக்குச் செலவழிக்கிறது, அதிலும் பெரும்பகுதி ஆஸ்பத்திரிக் கட்டில்களுக்குத்தான் போகிறது. கடன் கட்ட முடியாமல் 2022 இல் நாடு கைவிரித்த பிறகு எல்லாவற்றையும் சுருக்கு என்கிறார்கள். சுருக்கக்கூடாத இடம் இது.

எங்கள் சனத்திடம் காசு இல்லாமலும் இல்லை. பிள்ளை பெரியபிள்ளையானதைக் கொண்டாடுகிற சாமத்திய வீட்டுக்கு மண்டபம் எடுத்து, வீடியோவுக்கு ட்ரோன் விட்டு, லட்சக்கணக்கில் செலவழிக்கிறோம். அந்தப் பிள்ளைக்கு உடம்பில் என்ன நடக்கிறது என்று இருத்தி வைத்து விளங்கப்படுத்த யாரும் இல்லை. வெளிநாட்டிலிருக்கிற பழைய மாணவர் சங்கங்கள் அள்ளிக் கொடுக்கின்றன, மண்டபம் வருகிறது, மைதானம் வருகிறது, ஸ்மார்ட் போர்ட் வருகிறது, அதெல்லாம் வேண்டும்தான், கொடுக்கிறவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் ஒரு தாதியின் சம்பளத்தை ஒவ்வொரு மாதமும், பத்து இருபது வருடத்துக்கு விடாமல் கொடுப்பது நன்கொடையால் ஆகிற வேலை இல்லை. அது வரிக்காசில் நடக்கவேண்டிய வேலை. நாங்கள் வாங்குகிற ஒவ்வொரு சாமானிலும் அந்த வரியைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம்.

என்ன கேட்கிறேன் என்றால், பெரிய கட்டடம் கேட்கவில்லை. கிழமையில் இரண்டு பின்னேரம், 2 மணியிலிருந்து 6 மணிவரை அந்தக் கதவு திறந்திருக்கவேண்டும். இந்த அறைக்கென்று ஒரு தாதியும் ஓர் உளவளத்துணையாளரும் நிரந்தரமாக இருக்கவேண்டும், டொக்டர் மாறினாலும் பிள்ளைக்குத் தெரிந்த முகம் ஒன்று மாறாமல் இருக்கவேண்டும். ஓ.பி.டி. வரிசையைத் தொடாமல் உள்ளே போக ஒரு தனி வாசல். தீவுப் பகுதிக்கு மாதத்தில் ஒரு நாளாவது இந்தக் குழு போகவேண்டும், பிள்ளைகள் படகேறி வருவதைவிட இவர்கள் படகேறிப் போவது இலேசு. ஓ.எல்., ஏ.எல். வகுப்புகளுக்கும் வருடத்துக்கு ஒருதரமாவது பரிசோதனை. இவ்வளவும்தான்.

மதிப்பெண் போடச் சொன்னால், உள்ளே இருக்கிற மனிசருக்கு ஐந்துக்கு ஐந்து. பரிசோதனைக்கும் விளக்கத்துக்கும் நாலரை. இடத்துக்கும் அந்தரங்கத்துக்கும் இரண்டு. நேரத்துக்கு ஒன்று, அந்த ஒன்றும் திறக்கிறார்களே என்பதற்காக. இத்தனை குறை சொல்லியும் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள் என்றுதான் சொல்வேன், தனியாரில் காசு கொட்டியும் எங்களுக்குக் கிடைக்காதது இங்கே கிடைத்தது.

போகிறவர்களுக்குச் சில விஷயம். உங்கள் எம்.ஓ.எச். பணிமனைக்கோ பகுதிக் குடும்பநல உத்தியோகத்தருக்கோ முதலில் கோல் எடுத்து எந்த நாள், எத்தனை மணி என்று கேட்டுவிட்டுப் போங்கள், ஊசி போடுகிற நாட்களில் அறையை அதற்கு எடுத்துவிடுவார்கள். பிள்ளையின் சுகாதாரப் பதிவுப் புத்தகம் அலுமாரியில் கிடந்தால் எடுத்துக்கொண்டு போங்கள், பழைய ஊசி விபரம் கேட்டார்கள். வேளைக்குப் போனால் ஓ.பி.டி. சனம் சேர முதல் உள்ளே போய்விடலாம். தாதி உங்களை வெளியே இருக்கச் சொன்னால் கோபிக்காமல் இருங்கள், வெளியே வந்த பிறகு என்ன கேட்டவை, நீ என்ன சொன்னனி என்று குடையாதீர்கள். கிளினிக் பூட்டியிருக்கிற நேரத்தில் பிள்ளைக்கு மனம் சரியில்லை என்றால் 1926 க்கு எடுக்கலாம், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், 24 மணித்தியாலமும், தமிழிலும் கதைக்கலாம். பிள்ளைக்கு யாராவது துன்பம் செய்தால் 1929, சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். இரண்டையும் பிள்ளையின் போனிலேயே பதிந்து கொடுங்கள்.

பின்னேர நேரம் கேட்டு எங்கள் பக்கத்துத் தாய்மார் சிலர் சேர்ந்து பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனைக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம், பிரதியை எங்கள் பிரதேச செயலகத்துக்கும் கொடுத்திருக்கிறோம். உங்கள் பகுதி கிளினிக் எத்தனை மணிக்குத் திறந்து எத்தனை மணிக்குப் பூட்டுகிறது என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள், அடுத்த கடிதத்தில் அந்த விபரத்தையும் சேர்த்து அனுப்பலாம்.